கயிறு அவிழாத இரண்டாம் பருவம்

ஸ்டெல்லா போனில் கேட்டது சின்னக் கேள்விதான். "டீச்சர், நாலாம் வகுப்பு சார்ட்டுல வகுத்தல்னு எழுதட்டுமா, வேணாமா?"

ஸ்டெல்லா தியாகதுருகத்துப் பெண். கல்வராயன் மலையில், நான் பத்தொன்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளியில், இப்போது அவள் வேலை பார்க்கிறாள். ஊர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டு ஆசிரியர், ஒரு கட்டடம், ஒரு பீரோ. அந்தப் பீரோவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சார்ட் என்று அவள் சொன்னது புதிதாக வந்திருக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இந்தப் பருவத்தில் உங்கள் குழந்தை கற்பவை" என்று கலர் அட்டையில் எழுதி வாசித்துக் காட்ட வேண்டுமாம். வாசிப்பதைப் படம் பிடித்து அனுப்பவும் வேண்டுமாம். நல்ல ஏற்பாடுதான், பிள்ளைகள் ஊரில் இருந்தால்.

"எத்தனை பிள்ளைங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"பதினெட்டு டீச்சர். மேஸ்திரி வண்டி வந்துட்டா நாலு பேருதான் இருப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா. அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே எழுதவும் உட்கார்ந்தேன். அனுபவக் கட்டுரை எழுதிக் கொடுங்கள், இளைய ஆசிரியர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று எங்கள் சங்கத்து ஆட்கள் ஒரு வருஷமாகக் கேட்கிறார்கள். ஊக்கம் இதில் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியப் பயிற்சி இரண்டு வருஷம். அதில் களிமண்ணில் பழம் செய்தோம், கதைக்கு முகமூடி வெட்டினோம், குழந்தை மலரும் மொட்டு என்று பரீட்சையில் எழுதி பாஸானோம். பிள்ளையே வகுப்பில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்த இரண்டு வருஷத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. பயிற்சியைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

மலையில் நடப்பது இதுதான். சாமையும் தினையும் மரவள்ளியும் போடுகிற குடும்பங்கள். மழை ஓயும் சமயத்தில் மேஸ்திரி ஊருக்குள் வந்து பெயர் எழுதுவார். ஆயுத பூஜை கழிந்ததும் வண்டி வரும். காப்பித் தோட்டத்துக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் குடும்பம் குடும்பமாக ஏறிப் போவார்கள். பாத்திரம், பாய், கோழி, பிள்ளை எல்லாம் அந்த வண்டியிலேயே போகும். பொங்கலுக்குத்தான் திரும்புவார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும்.

முன்பெல்லாம் ஒரு வருஷத்துக்கு ஒரே புத்தகம். பிள்ளை பையில் போட்டுக்கொண்டு போகும், தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் என்றைக்காவது புரட்டும். பிறகு மூன்று பருவத்துக்கு மூன்று புத்தகம் என்று ஆக்கினார்கள். பை கனம் குறையும், நல்லதுதான் என்று நானும் கை தட்டினேன். இரண்டாம் பருவப் புத்தகக் கட்டு மலைக்கு வந்து சேர்வதற்கும் மேஸ்திரி வண்டி கிளம்புவதற்கும் ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும். பெரும்பாலும் வண்டிதான் முந்தும்.

ஆக எங்கள் பள்ளியில் இரண்டாம் பருவக் கட்டுகள் கயிறு அவிழாமலே பீரோவில் கிடந்தன. ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வருஷா வருஷம் அதே மூன்று மாதம் இல்லை என்றால், அந்த மூன்று மாதத்துப் பாடம் எதுவுமே அதற்குத் தெரியாது. மறந்துபோனால் நினைவுபடுத்தலாம். இதுகள் அந்தப் பாடத்தைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைகள் கூட்டுவார்கள், கழிப்பார்கள், பெருக்கல் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொல்வார்கள். வகுத்தல் இரண்டாம் பருவத்தில் இருந்தது. வகுக்க ஒருவருக்கும் தெரியாது.

சரி, பொங்கலுக்குப் பிறகு நடத்த வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் நான் செய்த தப்பு வருகிறது.

வருகைப் பதிவேட்டில் காலையில் ஒரு கோடு, மதியம் அதன் குறுக்கே ஒரு கோடு. வராத பிள்ளைக்குச் சிவப்பு மை. மூன்று மாதம் சிவப்பாகவே இருந்தால் பள்ளியில் பிள்ளை இல்லை என்று ஆகும். பிள்ளை இல்லாத பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைப்பார்கள். பக்கத்து ஊர் என்றால் ஓடையைத் தாண்டி ஆறு கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளை அங்கே நடந்து போகாது. அதனால் நான் மூன்று மாதமும் நீல மையில் குறுக்குக் கோடு போட்டேன். காப்பித் தோட்டத்தில் இருக்கும் பிள்ளை, பதிவேட்டில் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. பதிவேட்டில் பிள்ளை இருந்தால் பாடமும் நடந்திருக்க வேண்டும் அல்லவா. நடத்தி முடித்த பாடங்களுக்கு ஒரு பதிவேடு உண்டு, அதிலும் எழுதினேன். வகுத்தல் அறிமுகம், நவம்பர் இரண்டாம் வாரம், முடிந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் கல்வி அலுவலர். அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் கைக்குட்டையை உதறி நாற்காலியில் விரிப்பார், பிறகுதான் உட்காருவார். தண்ணீர் அவருடைய பாட்டிலிலிருந்து மட்டும். பச்சை மைப் பேனாவைத் திறந்து மூடியை இடது பக்கம் நேராக வைப்பார். பதிவேடுகளை அடுக்கச் சொல்லி ஒவ்வொரு பக்கத்தையும் ஓரத்தைத் தொட்டுத் திருப்புவார். பிள்ளைகள் பக்கம் அவர் திரும்பியதாக எனக்கு ஞாபகமே இல்லை. எதையும் எழுத்தில் தர மாட்டார். நான் அந்தப் பள்ளிக்கு வந்த முதல் வருஷம், சிவப்பு மையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இப்படியே இருந்தா பள்ளிக்கூடம் நிலைக்காதும்மா. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே பாத்துக்கோங்க."

நான் பார்த்துக்கொண்டேன். அடுத்த வருஷம் நீல மையைப் பார்த்து, "நல்ல முன்னேற்றம்" என்று பச்சையில் எழுதினார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு, அதையும் இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

கஸ்தூரிக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேர் இருந்தார்கள், அவள் ஒருத்தி. வீட்டில் மூத்தவள். கையில் எந்நேரமும் கடுக்காய்க் கறை. எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். மற்றவர்கள் ஏழாம் வாய்ப்பாட்டில் திணறும்போது இவள் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தானாகக் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து, "சரியா டீச்சர்?" என்று நிற்பாள். அந்த வருஷம் மலைப் பிள்ளைகளுக்கென்று ஒரு தேர்வு வைத்தார்கள். தேறினால் கள்ளக்குறிச்சியில் தங்கிப் படிக்கலாம், பன்னிரண்டாம் வகுப்பு வரை. தேறிவிட்டால் மேஸ்திரி வண்டியில் அவள் மறுபடி ஏற வேண்டியதில்லை. அவள் அம்மாவை ஒத்துக்கொள்ள வைக்க நான் மூன்று நாள் நடந்தேன். கடைசியில், "பாஸானா இட்டுக்கினு போங்க டீச்சர், நான் இன்னா வேணாம்னா சொல்றேன்" என்றாள்.

தேர்வு மார்ச்சில். கஸ்தூரி பொங்கலுக்குத் திரும்பினாள். மாதிரி வினாத்தாளைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு விரலை ஓரிடத்தில் வைத்துக் கேட்டாள்.

"டீச்சர், ஒரு கோடு போட்டு மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி வெச்சிருக்காங்களே, இது இன்னா?"

ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக இருக்கும் பெண் வகுத்தல் குறியைக் கேட்கிறாள். அன்றைக்கே பீரோவைத் திறந்து இரண்டாம் பருவக் கட்டின் கயிற்றை அறுத்தேன். ஐந்து பேருக்கும் புத்தகம் கொடுத்தேன். மறுநாள் ஒரு கூடைக் கடுக்காயைக் கொண்டுவரச் சொல்லித் தரையில் கொட்டி, மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு வை, நாலு பேருக்கு வை, மிச்சத்தைத் தனியாக வை என்று ஆரம்பித்தேன். பங்கு வைப்பது கைக்கு வந்துவிட்டால் கரும்பலகை சுலபம். அடுத்த நாள் எழுதிக் காட்டுவதாக இருந்தேன்.

அடுத்த நாள் ஜீப் வந்தது.

கைக்குட்டை விரித்தார். பேனா மூடியை வைத்தார். தரையில் கிடந்த கடுக்காயைப் பார்த்தார், பிள்ளைகள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், சுவரில் தொங்கிய பாட அட்டவணையைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலப் பதிவேடுகளைக் கேட்டார்.

"இது மூணாம் பருவம்தானேம்மா?"

"ஆமா சார். பிள்ளைங்க போன பருவம் ஊர்ல இல்லை, அதனால..."

"இல்லையா?" பதிவேட்டின் நவம்பர் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "எல்லா நாளும் வந்திருக்காங்களே. உங்க கையெழுத்துதானே இது?"

அவர் மற்ற பதிவேட்டையும் திறந்தார். வகுத்தல் அறிமுகம், முடிந்தது.

"வந்த பிள்ளைங்களுக்கு முடிஞ்ச பாடத்தை ஏன் திரும்ப நடத்துறீங்க? இந்தப் பருவத்துப் பாடம் பின்தங்குதே. இல்லை, பிள்ளைங்க வரவே இல்லைன்னு சொல்றீங்களா? அப்ப இது பொய்ப் பதிவு. அதுக்கு நான் வேற மாதிரி எழுதணும். பள்ளிக்கூடத்தைப் பத்தியும் எழுதணும். எதை எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

குரல் ஏறவே இல்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற குரல்தான். சிவப்பு மை வேண்டாம் என்று எனக்குச் சொன்ன அதே ஆள், நீல மைக் கோட்டையே கயிறாக்கி என் கழுத்தில் போட்டு இறுக்கினார். "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று கேட்கலாம்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்காகத்தான் எதையும் எழுத்தில் தராமல் இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூணாம் பருவத்தையே நடத்துறேன் சார்" என்றேன்.

"நல்லது. அந்தப் புக்கெல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கட்டும்."

பிள்ளைகளிடமிருந்து புத்தகங்களை நானே வாங்கினேன். நாலு பேர் கொடுத்துவிட்டார்கள். கஸ்தூரி மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர் பச்சையில் கையெழுத்துப் போட்டார், கைக்குட்டையை மடித்துக்கொண்டார், போய்விட்டார். இனி எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்கலாமே என்று கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். நாலரை மணி பஸ்ஸை விட்டால் கீழே இறங்க வேறு பஸ் இல்லை என்று பல வருஷம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். மத்தியானச் சாப்பாட்டு நேரம் இருந்தது. எனக்குப் பயம். வேலைக்குப் பயம், பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பயம், அந்த மெதுவான குரலுக்குப் பயம். பயத்தில் ஒரு பெண் பிள்ளையின் கணக்கைப் பூட்டி வைத்தேன்.

மார்ச்சில் தேர்வு எழுதிவிட்டு வந்து சொன்னாள். "மத்ததெல்லாம் போட்டுட்டேன் டீச்சர். அந்தப் புள்ளி வெச்ச கணக்கை மட்டும் வுட்டுட்டேன்." புள்ளி வைத்த கணக்குகள் நிறைய இருந்திருக்கின்றன. அவள் பெயர் பட்டியலில் வரவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முழுக் கூலி ஆளாகவே கணக்கெடுத்து வண்டியில் ஏற்றினார்கள். பதினேழு வயதில் கல்யாணம். அலுவலர் பதவி உயர்வில் வேறு மாவட்டத்துக்குப் போனார். அவருக்கு நடந்த பாராட்டு விழாவில் நானும் மாலை போட்டேன்.

இத்தனை வருஷம் கழித்து ஸ்டெல்லா அதே கேள்வியைக் கேட்கிறாள். பதிவேட்டுக்குப் பதில் இப்போது கைபேசி. அந்தந்தப் பருவத்துப் பாடம் அந்தந்தத் தேதியில்தான் அதில் திறக்குமாம். முடித்தோம் என்று தொட்டால் பச்சை விளக்கு எரியுமாம். இந்தப் பச்சைக்கு மட்டும் என் துறையில் பஞ்சமே வந்ததில்லை.

கூட்டத்தன்று கச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறி வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து ஒரு பயிற்றுநர் தம்பி படம் எடுக்க வந்திருந்தார். ஸ்டெல்லா அட்டையை மாட்டி வாசித்தாள். நாலாம் வகுப்பு, கணக்கு, வகுத்தல். பெற்றோர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்தாள். பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாலாம் வகுப்புப் பெண் ஒன்று. எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. எழுந்தவள் கஸ்தூரி, கையைப் பிடித்திருப்பது அவளுடைய கடைசித் தங்கை.

"இதெல்லாம் எப்ப நடத்துவீங்க?"

"இந்தப் பருவம்தான்க்கா. டிசம்பர் வரைக்கும்" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப எங்க புள்ளைங்க இங்க இருக்காதே. தெரிஞ்சிகினுதான படிக்கிறீங்க?"

பயிற்றுநர் தம்பி கைபேசியைத் தாழ்த்தினார். "பிள்ளைங்களை விட்டுட்டுப் போங்கம்மா. படிப்பு முக்கியம் இல்லையா?"

"எங்க வுட்டுட்டுப் போறது? உங்க வூட்டுலயா?"

கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள். வணக்கம் எல்லாம் சொல்லவில்லை.

"டீச்சருக்கு எல்லாம் தெரியும். இந்த மூணு மாசப் புக்கை என் கையிலேர்ந்து புடுங்கி பீரோல வெச்சிப் பூட்டினவங்க அவங்கதான்."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து, "ஆமாம், நான்தான் பூட்டினேன்" என்றேன். பதிவேட்டில் பொய் எழுதியதையும் சொன்னேன். ஸ்டெல்லாவைப் பார்த்து, இல்லாத பிள்ளைக்கு வந்ததாக நீயும் கைபேசியில் தொட்டுவிடாதே, அது ஒருநாள் உன்னையே கட்டிப் போடும் என்றேன். "பள்ளிக்கூடத்தை மூடிட்டா டீச்சர்?" என்று அவள் கேட்டாள். உண்மையை எழுதினால் பள்ளி போகும், பொய் எழுதினால் பாடம் போகும் என்று ஒரு சட்டத்தைச் செய்து வைத்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவரும் அந்தக் கூடத்தில் இல்லை.

கூட்டம் கலைந்தது. கஸ்தூரி போகவில்லை. குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு கரும்பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வண்டி வர இன்னும் ஆறு நாள் இருக்கு. தோட்டத்துல இவளுக்கு நானே சொல்லிக் குடுத்துடுவேன். மொதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க."

ஸ்டெல்லா பீரோவைத் திறந்தாள். உள்ளே கயிறு அவிழாத கட்டு இருந்தது. அவள் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தபோது நான் சாக்பீஸை எடுத்து எழுதினேன். 72 ÷ 3. கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. இதற்குப் பெயர் வகுத்தல் என்றேன். ஏழில் மூன்று எத்தனை தடவை போகும் என்று கேட்டேன். இரண்டு என்றாள். பெருக்கு, கழி, அடுத்த எண்ணை இறக்கு. இறக்கினாள். பன்னிரண்டில் மூன்று நாலு தடவை. இருபத்து நாலு.

அடுத்து மிச்சம் வருகிற கணக்கைக் கொடுத்தேன். பிறகு மூன்று இலக்கத்தில் ஒன்று. ஒரு இடத்தில் தப்பு செய்தாள், தானே அழித்துவிட்டுத் திருத்தினாள். நாலாவது கணக்கை அவளே எழுதிக்கொண்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கஸ்தூரி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"இவ்ளோதானா டீச்சர்?"

"இவ்வளவுதான்" என்றேன்.